பனி காயும் முன்

அத்தியாயம் பதினேழு

வேன் கேட்டைத் தாண்டும்போதே அவள் கண் மேய்ச்சல் நிலத்தின் கிழக்கு மூலைக்குப் போனது. அங்கே மாடுகள் நின்றுகொண்டிருந்தன.

இந்த நேரத்தில் அங்கே ஒரு மாடுகூட இருக்கக் கூடாது.

"நிறுத்துங்க!"

வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏய், கீழே விழுந்து வைக்காதே!" பின் சீட்டிலிருந்து அப்பா கத்தினார். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு விடியுமுன் கிளம்பியவர் அவர். ரத்தம் கொடுத்து முடித்ததும் வழியில் கடை கண்ட இடமெல்லாம் நிறுத்திச் சாப்பிட்டு, இவ்வளவு நேரமும் அரைத் தூக்கத்தில் வந்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள்.

அவள் ஓடி முடிப்பதற்குள், புதிதாக இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா வாங்கிப் போட்ட மேட்டு நிலம் இது. முள்ளும் கல்லுமாகக் கிடந்ததைப் புல்வெளியாக்கியவள் மகள். மாட்டைக் கட்டிப் போட்டு மூட்டைத் தீவனம் கொட்டாமல், மேய்ச்சலை நம்பியே பால் பண்ணை நடத்த முடியும் என்று மற்றவர்களுக்குச் செய்து காட்டும் பண்ணை. மாதம் ஒரு முறை மாடு வளர்ப்பவர்கள் வண்டி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வாயில் அவள் பெயர் 'புல்லக்கா'. அவள் கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதி கடலில்.

தம்பி, இருந்த வேலை போனதும் மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தான். வருகிறவர்களை வரவேற்றுப் பேசும் மைக் முதல் மாதமே அவன் கைக்குப் போனது. இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் வீட்டில் அவனுக்குப் பெயரே மைக் என்றாகிவிட்டது. போன வாரம், பண்ணைக்கு உதவி செய்யும் அறக்கட்டளைக்காரர்களிடம் அந்த மைக் வாய்க்கு வாய் "என் பண்ணை, என் மாடுகள்" என்று முழங்க, அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கப் போனதைப் பார்த்தோம்.

இன்று தேய்ப்பதற்குத் தொட்டி எதுவும் போதாது.

கிழக்கு மூலையில் இருந்தது குதிரைமசால். மாட்டுக்கு அதைப் போலச் சத்தான தழை கிடையாது. ஆனால் வயிற்றில் ஏற்கெனவே காய்ந்த புல் இருக்க வேண்டும். பனி காய்ந்திருக்க வேண்டும். அளவாக விட வேண்டும். பசித்த மாடு ஈரத்தோடு வாரித் தின்றால் வயிற்றுக்குள் சோப்புத் தண்ணீர் போல நுரை கட்டிக்கொள்ளும். ஏப்பம் வெளியே வராது. வயிறு ஊதி, நெஞ்சை நெருக்கி, மூச்சை அடைத்துவிடும். இதை அவள் சொல்லாத மாதம் இல்லை. ஏன், தம்பியே மைக்கில் சொல்லியிருக்கிறான், விரலை ஆட்டி ஆட்டி.

வேலியோரம் கேமரா ஒன்று முக்காலியில் நின்றது. இரண்டு கேமராக்காரர்கள் ஏதோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வெளுத்த சட்டையில் பளிச்சென்று இருந்தான்.

"அக்கா! வா, வா! சூப்பரா வந்திருக்கு. மாடெல்லாம் ஓடி வருது பாரு, சினிமா தோத்துச்சு!"

அவள் முந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் கட்டம் எதைப் புதிதாகத் திறந்தாலும் முந்திக்கொண்டு போகும் மாடு, அதனால் முந்திரி. இப்போது காலை அகட்டி, கழுத்தை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. அதன் வயிற்றின் இடது பக்கம் முதுகெலும்புக்கு மேலே எழும்பியிருந்தது.

"எப்படா திறந்தே?"

"வெயில் வர்ற நேரம். அந்த வெளிச்சம்தான் வேணும்னாங்க."

"பனி இருந்துச்சா இல்லையா?"

"பனி இருந்தாத்தானேக்கா மினுமினுன்னு இருக்கும்?"

 "நேத்து சாயங்காலம் உன்னைப் போடச் சொன்ன காய்ஞ்ச புல்லைப் போட்டியா?"

தம்பி கேமராவைப் பார்த்தான். பதில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தம்பி மனைவி, மாட்டுக்குப் பத்தடி தள்ளியே நிற்கிறவள், இன்றும் தள்ளி நின்றபடி சொன்னாள்.

"வேணாம்னார் அண்ணி. பசியா இருந்தாத்தான் ஓடி வரும்னு."

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதற்குக்கூட நேரமில்லை.

"எண்ணெய் கொண்டா! சமையல் எண்ணெய், வீட்டுல இருக்கிறது அத்தனையும்! கொட்டகைச் சுவர்ல நீள டியூப் தொங்குது, அதையும்! ஓடு!"

தம்பி மனைவி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். ஒரு கேமராக்காரர், கேட்காமலேயே கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து, "நான் என்ன பண்ணணும்மா?" என்றார்.

"அந்தக் கறுப்பு மாடும் ஊதுது, தலையைப் பிடிங்க. குத்த வரும், விடாதீங்க. டேய், நீ மத்ததை எல்லாம் வெளியே ஓட்டு! மேட்டுப் பக்கம் நடக்க விடு! நிக்க விடாதே!"

"டாக்டருக்குப் போன் போடறேன்க்கா," என்றான் தம்பி. போட்டான். பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். போனைக் காதில் வைத்திருக்கிறவனை யாரும் மாடு ஓட்டச் சொல்ல முடியாது அல்லவா?

கடைசியில் அப்பாதான் கையில் கிடைத்த குச்சியோடு மற்ற மாடுகளை மேட்டில் ஏற்றினார்.

கறுப்பு மாட்டுக்குச் சண்டைக்காரி என்று பெயர். அந்தக் குணமே அதைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். குழாயை வாய் வழியாக இறக்கி எண்ணெயை ஊற்றியபோது உதைத்தது, முட்டியது, கேமராக்காரரை வேலியோடு சேர்த்து நசுக்கப் பார்த்தது. ஆனால் நடந்தது. நடந்து நடந்து, ஒரு கட்டத்தில் ஊரே கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டது.

முந்திரி நடக்கவில்லை. யாரும் தொடுவதற்கு முன்பே முன்னங்கால் மடிந்து சாய்ந்தது.

எண்ணெய் இறங்கவில்லை. அக்கா கடைசி வழிக்குப் போனாள். குழாய்க்குள் பொருந்திய கூரான ஊசி ஒன்று மருந்துப் பெட்டியில் உண்டு. இடது பக்கம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இடம் பார்த்து, முழு பலத்தோடு குத்தினாள். காற்றாக இருந்தால் சீறிக்கொண்டு வெளியேறும். பச்சை நுரைதான் கொப்பளித்தது. குழாயை அடைத்துக்கொண்டது. விரலால் தோண்டினாள். மறுபடி நுரை.

"வாடீ... ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு விடு."

முந்திரி விடவில்லை.

அவள் முழங்கை வரை பச்சையாக, அப்படியே மண்டியிட்டிருந்தாள்.  தம்பி போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெல்ல வந்தான். குனிந்து பார்த்தான். பிறகு கேமராக்காரரிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னான்.

"முன்னாடி எடுத்தது இருக்குல்ல? அந்த ஓட்டம் மட்டும் வெட்டி எடுத்துக்கலாம். அதுல இதுதான் முதல்ல வருது. நல்லா வந்திருக்கு."

"சார்," என்றார் கேமராக்காரர், "இப்ப வேணாம் சார்."

அந்த அந்நியருக்கு இருந்த கூச்சம் கூடப்பிறந்தவனுக்கு இல்லை. அக்கா எழுந்தாள். அடித்துவிடுவாள் என்றுதான் தம்பி மனைவி நினைத்தாள். அடிக்கவில்லை. குழாயடிக்குப் போய் கையைக் கழுவினாள். தோல் சிவக்கும் வரை கழுவினாள்.

டாக்டர் வந்தபோது அவர் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. மற்ற மாடுகளைத் தட்டிப் பார்த்து, சாயங்காலம் வரை கண் வைத்திருக்கச் சொன்னார். கிளம்பும்போது, "உங்க பண்ணையில இப்படின்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்மா," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கன்னத்தில் விழுந்தது.

*

மதியம், சமையலறை மேஜையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை, அப்பா மட்டும் மாத்திரைக்காக ஒரு வாழைப்பழம் உரித்தார்.

பிரச்சினை இதுதான்: அந்த மாதத்தின் செயல்விளக்க நாள் அன்றைக்கே. பார்க்க வருகிறவர்களின் வண்டி கிளம்பிவிட்டது. காலையில் எடுக்கும் வீடியோவைச் சுடச்சுட அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுதான் தம்பியின் திட்டமாக இருந்தது.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம்," என்றான் தம்பி. "இல்லேன்னா மாட்டை மூடி வச்சுட்டு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாம இருப்போம். யாராவது கேட்டா, பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லிடலாம். எல்லா இடத்துலயும் நடக்கிறதுதானே?"

"பாம்பா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"பாவம்டா அந்தப் பாம்பு. அது உண்டு அதோட புத்து உண்டுன்னு இருக்கு."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா," என்றார் அப்பா. "இவன் என்ன வேணும்னா செஞ்சான்? பண்ணைக்கு நல்ல பேர் வரட்டும்னு செஞ்சான். சின்னப் பையன், தெரியாம..."

"எந்தச் சின்னப் பையன்? தலையில பாதி முடி போயிடுச்சுப்பா இவனுக்கு!" அவள் மேஜையில் அடித்ததில் தண்ணீர் டம்ளர் துள்ளியது. "தெரியாமலா? மைக்கைப் பிடிச்சு இவனே சொல்லிக் கொடுக்கிறான், பனி காயாம விடாதீங்கன்னு! தெரிஞ்சே பட்டினி போட்டான். தெரிஞ்சே ஈரத்துல விட்டான். எதுக்கு? மினுமினுன்னு இருக்கணும்!"

"கத்தாதேக்கா."

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். வண்டி வரட்டும். எல்லாரையும் நேரா அந்த மாட்டுக்கிட்டதான் கூட்டிட்டுப் போகப்போறேன்."

தம்பி எழுந்தே விட்டான். "பைத்தியமா உனக்கு? நம்ம பண்ணையில மாடு செத்துச்சுன்னு நாமே தண்டோரா போட்டா, அப்புறம் எவன் நம்மளை நம்புவான்? அறக்கட்டளைக்காரன் நாளைக்கே கையை விரிச்சிடுவான்!"

"சொல்லாம மறைச்சா அவங்க மாடு சாகும். செஞ்சு காட்டுற பண்ணைன்னா, ஜெயிச்சதை மட்டும் காட்டுறதுக்கு இது என்ன ஜவுளிக்கடை ஜன்னலா?"

அப்பா பழத்தோலைத் தட்டில் வைத்தார். "அவன் மானத்தை வாங்கப் போறியா?"

அவள் குரலைத் தணித்தாள். "யார் திறந்தாங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஏன் செத்துச்சுன்னு சொல்லுவேன். அது போதும் எனக்கு."

*

அந்த வாக்கை அவள் காப்பாற்றவே நினைத்தாள்.

வண்டியிலிருந்து இறங்கியவர்கள் வழக்கம் போலச் சிரித்த முகத்தோடு வந்தார்கள். முந்திரியின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை விலக்கியதும் சிரிப்பு நின்றது. பலர் செருப்பைக் கழற்றினார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

தம்பி பழக்கத்தில் மைக்கை நீட்டினான். அவள் வாங்கவில்லை. மைக் இல்லாமலே பேசினாள். பட்டினி, பனி, தழை, நுரை என்று ஒவ்வொன்றாக. எண்ணெய் ஏன் உடனே கொடுக்க வேண்டும், நடக்க வைப்பது ஏன், ஊசி ஏன் இந்த முறை பலிக்கவில்லை.   தன் பண்ணையின் பிணத்தை நடுவில் கிடத்தி அவள் பாடம் சொன்னபோது, வழக்கமாகப் பின்வரிசையில் ஊர்க்கதை பேசுகிறவர்கள்கூட முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

முடித்ததும் எருமைகள் வளர்க்கும் ஓர் அம்மாள் கேட்டாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"எல்லாம் தெரிஞ்ச பண்ணை இது. இங்க யாரும்மா அந்த நேரத்துல திறந்துவிட்டது?"

அக்கா தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினாள். தம்பி மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நான்தான்."

எல்லாத் தலையும் திரும்பியது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தாங்க திறந்தேன். வயசாச்சு, ஞாபகம் பிசகிடுச்சு. மாடு பசியில கத்துச்சேன்னு திறந்துவிட்டேன்."

கூட்டம் உடனே இளகியது. "பரவாயில்லைங்க பெரியவரே." "யாருக்கும் நடக்கிறதுதான்." ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மறுப்பான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், எதிர்பார்த்தாள். அவன் நீளமாக மூச்சு விட்டான். காலையிலிருந்து விறைத்திருந்த தோள்கள் கீழே இறங்கின. தகப்பன் தலையில் பழியை ஏற்றிவிட்டு அவன் ஆசுவாசப்பட்டான்!

பள்ளியில் அவன் உடைத்த ஜன்னலுக்கும் அப்பாதான் போய் நின்றார். அவன் வேலையில் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டபோதும் அப்பாதான் போய்க் கெஞ்சினார். அப்போதெல்லாம் அவள் பேசாமல் இருந்தாள். அப்போது மாடு சாகவில்லை.

"அப்பா." அவள் அவர் எதிரே வந்து நின்றாள். "அந்த நேரத்துல நீங்க லேப்ல ரத்தம் கொடுத்துட்டு இருந்தீங்க. பக்கத்து நாற்காலியில நான்தான் உட்கார்ந்திருந்தேன்."

தோளைத் தட்டிய கை அப்படியே நின்றது.

"உளறாதேம்மா," என்றார் அப்பா, உதடு அசையாமல்.

"உளறலை. உங்களுக்கு ஞாபகம் பிசகலை. ஊரே உங்களைப் பார்த்துப் பாவம்னு சொல்லணும், இவன் கம்பி சுத்திக்கிட்டு நிக்கணும். எத்தனை நாளைக்குப்பா?"

 பதில் சொன்னது தம்பி மனைவி. வேலிக்கு அப்பாலிருந்து அல்ல. முந்திரியின் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு.

"இவர்தான் திறந்தார். கேமராவுக்காக. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். தப்புன்னு தெரியும், வாயைத் திறக்கலை." அவள் மாமனாரைப் பார்த்தாள். "மாமா, நீங்க போய் உட்காருங்க. வெயில்ல நிக்காதீங்க."

தம்பி மைக்கைத் தரையில் போட்டான். "நல்லா இருங்க எல்லாரும்!" என்று வீட்டைப் பார்த்து நடந்தான். கதவை அறையும் சத்தம் இங்கே வரை கேட்டது.

 பலரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். எருமைக்கார அம்மாள்தான் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"குடும்பச் சண்டை எங்க வீட்டுலயும் இருக்கு தாயே. அந்த ஊசியை எந்த இடத்துல குத்தணும்னு என் விரலைப் பிடிச்சு வச்சுக் காட்டு. போன மழைக்கு என் எருமை இப்படித்தான் போச்சு, ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். அக்கா ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

*

வண்டி போய், மாட்டைப் புதைத்து முடித்தபோது கறவை நேரம் நெருங்கியிருந்தது. கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா காத்திருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி அப்பனைப் பொய்யன் ஆக்கிட்டே."

"நானா ஆக்கினேன்?"

"என் புள்ளைக்காக நான் ஆயிரம் பொய் சொல்வேன். உனக்கென்ன?"

"நானும் உங்க புள்ளைதானேப்பா?"

 அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த நிலம் இன்னும் என் பேர்லதான் இருக்கு. மறந்துடாதே. நீ கல்யாணமாகிப் போனவ. நாளைக்கு வக்கீலைப் பார்த்து அவன் பேருக்கு எழுதப் போறேன். உன் மாடுகளை நீ எங்க வேணும்னாலும் ஓட்டிக்கிட்டுப் போ."

முள்ளும் கல்லும் அவள் கண்முன் வந்து போயின. கல் பொறுக்கிய காலத்தில் இந்தத் தம்பி எங்கே இருந்தான், இந்த அப்பா எங்கே இருந்தார் என்று கேட்க ஆயிரம் வார்த்தை தொண்டை வரை வந்தன. உள்ளே ஒரு மாடு குரல் கொடுத்தது.

"மடி கட்டி நிக்குது. கறந்துட்டு வந்து பேசறேன்," என்று உள்ளே போனாள்.

 பழக்க தோஷத்தில் வாளியை முதலில் முந்திரியின் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், கோபம் தீராமலே அழுதாள்.

பின்னால் காலடி கேட்டது. தம்பி மனைவி. செருப்பில்லாத கால்கள் சாணத்தை மிதித்திருந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது, பக்கத்தில் நின்ற சண்டைக்காரி தலையை ஆட்டியதும் இன்னும் வெளிறியது.

"அண்ணி... நானும் கறக்கிறேன். எப்படின்னு சொல்லிக் கொடுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நகம் வெட்டியிருக்கியா?"

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். அவசரத்தில் வெட்டியதில் ஒரு விரலில் ரத்தம் கசிந்தது.

"அந்த வெள்ளைக்கிட்டப் போ. சாது. வலது பக்கமா உட்காரு, இடது பக்கம் வந்தா அதுக்குப் பிடிக்காது."

வீட்டிலிருந்து தம்பியின் குரல் கேட்டது, மனைவியைக் கூப்பிட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, இன்னும் சத்தமாக. "எங்கே போய்த் தொலைஞ்சே? பெட்டியை எடுத்து வை, இனி இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்!"

தம்பி மனைவி வாசலைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து வலது பக்கமாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை மாட்டின் மடியில் வைத்தாள்.